உண்ணிச்செடி (பேரினம்)

உண்ணிச்செடி அல்லது லண்டானா என்பது வெர்பெனேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரப் பேரினம் ஆகும். இதில் ஏறத்தாழ 150 இனங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை புதர்ச்செடிகள். 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு இப்பேரினத்துக்குப் பெயரிட்டார்.

விளக்கம்

இலைகள் சொரசொரப்பானவை, கசக்கினால் கடுமையான மணம் வீசும். சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கின்றன. லண்டானா கமாரா என்னும் இனத்தில் மஞ்சளாக மலரும் பூ பின்னர் செம்மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களுக்கு மாறுவதால், ஒரே கொத்தில் பல நிறங்களைக் காணலாம். பச்சை நிறக் காய்கள் பழுத்ததும் கருநீலமாகின்றன.

பரவல்

வெப்பமண்டல அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் இப்பேரினத்தின் முதன்மையான தாயகங்கள். லண்டானா கமாரா அமெரிக்காவுக்கு உரியது. அழகுச்செடியாக ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இது, அங்கே கலப்பினங்களாகப் பெருகியது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வேலிச்செடியாக நடப்பட்ட இதன் பழங்களைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடுகளில் பரப்பின. இன்று இலங்கை, ஆசுத்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் இது ஊடுருவிய தாவரமாகக் கருதப்படுகிறது.

சவ்வாது மலையில்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற இம்மலையின் இலையுதிர் காடுகளிலும் உண்ணிச்செடி காணப்படுகிறது. மரங்கள் வெட்டப்பட்டு வெயில் படும் திறந்த இடங்களில் இது எளிதில் வேரூன்றும். அடர்ந்த புதரின் கீழ்ப் புல்லும் மரக்கன்றுகளும் வளர்வது அரிது. எனவே மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது. காட்டின் அடுத்த தலைமுறை மரங்களும் குறைகின்றன. சாமை பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இவ்விரண்டும் இழப்பே. இலைகளில் உள்ள லண்டாடீன் என்னும் நச்சுப்பொருள் கால்நடைகளின் கல்லீரலைப் பாதிக்கிறது. அவ்வாறு பாதிக்கப்பட்ட மாடுகளுக்கு வெயில் பட்டால் தோல் புண்ணாகும்.

கட்டுப்பாடும் பயனும்

தரைக்கு மேலே வெட்டினால் இச்செடி மீண்டும் துளிர்க்கும். ஆகவே தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வெட்டி எடுக்க வேண்டும். காய்க்கும் முன்னர் அகற்றுவது நல்லது. அகற்றிய இடத்தில் உள்நாட்டுப் புற்களையும் மரங்களையும் வளர்க்காவிடில் புதர் திரும்பவும் மூடிக்கொள்ளும். தமிழ்நாடு அரசு 2022 இல் ஊடுருவும் அயல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது.

இதன் தண்டுகளைக் கொண்டு நாற்காலி, கூடை முதலியன செய்யலாம். நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் இத்தண்டுகளால் முழு உருவ யானைச் சிற்பங்களைச் செய்துள்ளனர். அவை 2021 இல் இலண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன.