விதைநெல்லும் காப்புப் பிரதியும்

பனையோலை ஏடு என்றும் நிலைப்பதன்று. செல் அரிக்கும், ஈரம் படியும், காலஞ் செல்லச் செல்ல ஓலை ஒடியும். ஆதலின் நம் முன்னோர் ஏடு சிதையுமுன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையையும் அச்சேற்றியபோது, பலவிடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங் கண்டனர். ஓரிடத்து ஏடு சிதைந்திருப்பினும் மற்றோரிடத்து ஏடு துணைசெய்தது.

படி இல்லாமையால் வருங் கேட்டினையும் நம் ஊர் நன்கறியும். 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையிலிருப்பதற்குக் காரணம் யாது? பிறிற்றோ என்பார் 1879ஆம் ஆண்டிலேயே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமையும், தமிழ் மூலம் அச்சாகிப் பலவிடங்களிற் பரவியிருந்தமையுமேயாம். வேறெங்கும் படியில்லாத ஏடுகளோ தீயோடு போயின.

நிற்க. இன்று சேர்விடாப்பு, பரீட்சைப் புள்ளிகள், கட்டணக் கணக்கு, விழாப் படங்கள் ஆகியன யாவும் கணினியில் ஏறிவருகின்றன. ஓலையை அரிக்குஞ் செல்லுக்கு ஈடாக இங்கே வன்தட்டுப் பழுது, மின்னல், திருட்டு, கைத்தவறு, பணயத்தொகை கேட்டுக் கோப்புகளைப் பூட்டிவிடுந் தீநிரல் எனப் பல பகைகள் உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்களைத் தாங்கிய ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ அத்தகைய தீநிரலால் தாக்குண்டது. சேவையை விரைவில் மீள இயக்கினர். எனினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள மின்னஞ்சல்களுக்குப் பயன்படத்தக்க காப்புப் பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகள் இவ்விழப்புக்கு ஆளாயின. எனவே, காப்புப் பிரதி எடுத்தல் இயந்திரம் வாங்குவதோடு முடியும் காரியமன்று. திட்டமிட்டு இடையறாது செய்யவேண்டிய காரியம் என்பது தெளிவு.

திட்டம் இரண்டு வினாக்களிலிருந்து தொடங்கும். எத்துணைக் கால வேலையை இழக்க நம்மால் இயலும்? இழந்ததை மீட்க எத்துணை நேரம் காத்திருக்க இயலும்? ஒரு நாள் வேலையையே இழக்கலாம் எனின் ஒவ்வோரிரவும் பிரதி எடுத்தல் வேண்டும். பரீட்சைப் புள்ளிகள் பதியுங் காலத்தில் அரைநாளும் இழக்கலாகாதெனின் நண்பகலிலும் எடுத்தல் வேண்டும்.

அடுத்து, பிரதி எங்கேயிருப்பது என்பது. ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்றொரு விதியைக் கணினித் துறையார் கைக்கொள்வர். மூலத்தோடு சேர்த்துப் பிரதிகள் மூன்று. அவை தங்கும் சாதன வகைகள் இரண்டு. அவற்றுள் ஒன்றாயினும் வேறிடத்தில். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பற்றியபோது, மூலத்தையும் பிரதியையும் அவ்வொரே வளாகத்தில் வைத்திருந்தோருட் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். அலுவலகக் கணினியின் பிரதியைப் பக்கத்து அலுமாரியில் வைப்பதும் இவ்வகையினதே.

இனி, பிரதி எடுக்கும் முறை. முழுக்காப்பு என்பது எல்லாக் கோப்புகளையும் ஒருங்கே படியெடுத்தல். ஏறுகாப்பு என்பது கடைசியாக எடுத்த காப்பின் பின் மாறியவற்றை மட்டும் எடுத்தல். வேறுபாட்டுக் காப்பு என்பது கடைசி முழுக்காப்பின் பின் மாறியவை அனைத்தையும் எடுத்தல். வெள்ளியிரவு முழுக்காப்பும் திங்கள் முதல் வியாழன் வரை இரவுதோறும் ஏறுகாப்பும் எடுக்கிறோம் எனக் கொள்வோம். வியாழன் காலையில் வன்தட்டுப் பழுதானால், வெள்ளியின் முழுக்காப்போடு திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்றையும் முறையே சேர்த்தாலன்றி மீட்பு நிறைவுறாது. இடையிலொன்று கெட்டால் தொடர் அறும். வேறுபாட்டுக் காப்பாயின் முழுக்காப்பும் புதன் காப்பும் போதும். ஆனால் நாளுக்கு நாள் அதன் பருமன் கூடும்.

பல கணினிகள் உள்ள கல்விக்கூடத்தில் இவற்றை வலையமைப்பின் வழியே ஒரு காப்புக் கணினிக்குக் கொண்டுவருதல் நன்று. இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். தரவுகள் 400 கிகாபைட்டு எனின், செக்கனுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டுக் கடத்தும் பழைய 100 மெகாபிற்று வலையமைப்பில் முழுக்காப்புக்குப் பதினொரு மணித்தியாலம் செல்லும். ஒரு கிகாபிற்று வலையமைப்பிலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடியும். காப்புக் கணினியே மற்றக் கணினிகளிடமிருந்து தரவுகளை இழுத்துக்கொள்ளுமாறு அமைத்தல் வேண்டும். மற்றவை அதன்கண் எழுத உரிமை பெறலாகாது. அவ்வுரிமை இருப்பின் ஒரு கணினியிற் புகுந்த தீநிரல் பிரதியையும் பூட்டிவிடும். அதன் கடவுச்சொல்லும் வேறாக இருத்தல் வேண்டும். அமாண்டா, பக்குலா முதலிய மென்பொருள்கள் இப்பணிக்கு விலையின்றிக் கிடைக்கின்றன.

வன்தட்டு விரைவானது, நேற்று அழித்த கோப்பொன்றை அதிலிருந்து சில நிமிடத்தில் மீட்கலாம். காந்த நாடாவோ பொறியிலிருந்து எடுத்து வைத்தபின் எவ்வலையமைப்போடும் தொடர்பற்றது. ஆதலால் தீநிரல் அதனைத் தீண்டாது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் மென்பொருட் பிழையொன்றால் ஜிமெயில் பயனாளர் சிலரின் மடல்கள் மறைந்தபோது, கூகுள் நிறுவனம் நாடாக்களிலிருந்தே அவற்றை மீட்டது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த எல்.ரி.ஓ. ஒன்பதாந் தலைமுறை நாடா ஒன்று 18 தெராபைட்டுக் கொள்ளும். நாடாப் பொறிக்குத் தரவு இடையறாது வந்துகொண்டிருத்தல் வேண்டும்; வலையமைப்பு மெதுவாயின் நாடா நின்று நின்று ஓடித் தேயும். ஆகவே முதலில் வன்தட்டிற் சேர்த்து, அங்கிருந்து நாடாவுக்கு மாற்றுதலே முறை. திங்கள் முதல் வியாழன் வரைக்கு நான்கு நாடா, வாரக் காப்புக்கு ஐந்து, மாதக் காப்புக்குப் பன்னிரண்டு எனச் சுழற்றுவர். இதனை மகன், தந்தை, பாட்டன் முறை என்பர்.

நாடா மலிவு, அதன் பொறி விலை கூடியது. சிறு அலுவலகமொன்று இரண்டு வெளி வன்தட்டுகளை வாரத்துக்கொன்றாக மாற்றி, ஒன்றை எப்போதும் வேறிடத்தில் வைத்தாலும் பெரும்பயன் உண்டு. மாணவர் விபரங்கள் வெளிச்செல்வதால் அவற்றை மறைகுறியாக்கி, அதன் திறவுகோலைத் தனியே காத்தல் வேண்டும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் நாடாவுக்கு ஆகா. குளிர்ந்த உலர்ந்த அறையே தக்கது. நாடா முப்பதாண்டு இருக்கலாம். ஆனால் அதனைப் படிக்கும் பொறி அதுவரை இராது. எட்டாந் தலைமுறைப் பொறி ஏழாவதையும் எட்டாவதையும் மட்டுமே படிக்கும். ஆகவே ஏட்டைப் போலவே நாடாவையும் காலந்தோறும் புதியதிற் படியெடுத்தல் கடன்.

எல்லாவற்றினும் முதன்மையானது சோதனை. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி கிற்லாப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தரவுத்தளமொன்றை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும், எதுவும் அவ்வேளை எதிர்பார்த்தவாறு உதவவில்லை என்பது அப்போதே தெரிந்தது. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த பிரதியால் இழப்பு ஏறத்தாழ ஆறு மணித்தியால அளவோடு நின்றது. நம் கமக்காரர் விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலவாது வேறாக வைப்பர். விதைக்குமுன் ஒரு பிடியை நனைத்துக் கட்டி முளைக்கிறதா எனவும் பார்ப்பர். முளை பாராத நெல்லை விதைநெல் என்று நம்பி வயலில் இறங்குவாரில்லை. மீட்டுப் பாராத காப்புப் பிரதியும் அத்தகையதே. தவணைக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் ஓர் ஆண்டின் புள்ளிகளை மீட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, நாளும் பெயரும் குறித்தல் வேண்டும். அப்பொறுப்பு ஒருவர் பெயரில் இருத்தல் வேண்டும். அவர் இல்லாத நாளில் அதனைச் செய்யவல்லார் இன்னொருவரும் வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எத்தனை வீடுகளில் சான்றிதழ்கள் விடுபட்டன என்பதை அந்நாளில் நடந்தவர் அறிவர். சான்றிதழை இழந்த ஒருவருக்கு அவர் படித்த கல்லூரியின் இடாப்பே அடுத்த சான்று. அவர் கையிலிருந்தது மூலம், கல்லூரியிலிருப்பது பிரதி. அப்பிரதியும் அழிந்தால் அவர் இங்கே கற்றார் என்பதற்கு அத்தாட்சி எங்கே?

பழைய மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வெளியூர்களில் வாழ்வோர் நம் பழைய சஞ்சிகைகளையும் படங்களையும் வைத்திருப்பின், அவற்றின் எண்ணிமப் படியொன்றைக் கல்லூரிக்கும், 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களைப் பேணிவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கும் உதவலாம். பல நாடுகளில் நாம் சிதறியிருப்பது நம் துயரங்களுள் ஒன்று. ஆயினும் பிரதிகள் பலவிடங்களில் இருத்தல் வேண்டும் என்னும் விதிக்கு அதுவே நம் வலிமையுமாகலாம். இவ்விழாவாண்டிற் கல்லூரிக்குச் செய்யும் பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.