கப்பலேறாத தேயிலை

சரக்கும் சனமும் – 12

மலாயாவின் ஈயமும் ரப்பரும் எப்படிக் கப்பலேறின என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் மலையேறுவோம். தாப்பாவில் தொடங்கும் சாலை வளைந்து வளைந்து ரிங்லெட்டை எட்டும்போதே காற்று மாறிவிடும். பிறகு கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலை இது. 1885-ல் இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது.

ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே 'போ' தோட்டத்தைத் தொடங்கியது 1929-ல். ரப்பர் விலை சரியத் தொடங்கிய காலம் அது. இலங்கையில் தேயிலைத் தொழில் கற்ற ஏ. பி. மில்னை அவர் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கோவேறு கழுதைகளையும், பழைய சாலை உருளை ஒன்றையும், கூலியாட்களின் கைகளையும் வைத்துக்கொண்டு செங்குத்தான காட்டைத் தோட்டமாக்கினார்கள். 1933-ல் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தோட்டத்தைத் தொடங்கியது. தேயிலைச் செடியும் தொழில்நுணுக்கமும் முதலாளிகளும் வெளியிலிருந்து வந்தவை. இலையைப் பறித்த விரல்களும் அப்படித்தான்.

அந்த விரல்கள் வந்த கதை எந்தச் சரக்குப் பட்டியலிலும் இல்லை. மலாயாவில் 1907-ல் ஒரு குடியேற்ற நிதி உருவானது. அதன் பெயரிலேயே 'தமிழர்' என்ற சொல் இருந்தது. இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த தோட்டங்கள் அதற்குப் பணம் கட்டின. அந்தப் பணத்தில் கங்காணி திரட்டிய ஆட்களுக்கு இலவசப் பயணம் கிடைத்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினர் இந்த மலைக்கு வந்து லயங்களில் குடியேறினார்கள். 1938-ல் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, கூலியாட்களை அனுப்புவதையே இந்திய அரசு தடைசெய்தது. ஒரு நாட்டின் ஏற்றுமதித் தடைகளில் இதை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். உழைப்பவனை மலிவாக வாங்க முடியாது என்று அன்றைக்காவது ஒருமுறை சொல்லப்பட்டது.

இனி இலைக்கு வருவோம். சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தினால் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். இலங்கையும் கென்யாவும் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. கேமரன் மலைத் தேயிலையோ பெரும்பாலும் மலேசியர்களின் கோப்பையிலேயே முடிந்துவிடுகிறது. அதுவும் போதாமல் வெளியிலிருந்து தேயிலையை வாங்குகிறது நாடு.

மலேசியாவின் இன்றைய ஏற்றுமதியில் முதலிடம் மின், மின்னணுப் பொருள்களுக்கு. அடுத்த வரிசையில் பெட்ரோலியப் பொருள்கள், திரவ இயற்கை எரிவாயு, செம்பனை எண்ணெய். இறக்குமதியிலும் முதலிடம் மின்னணுப் பொருள்களுக்கே. உதிரியாக இறங்கி, பொருளாகிக் கப்பலேறுகின்றன. இந்த வரிசையில் தேயிலைக்கு இடமே இல்லை. கோலாலம்பூர்க் கடையில் நுரைபொங்க ஆற்றித் தரும் தே தாரிக்கைப் பாருங்கள்: சர்க்கரைக்கான மூலப்பொருள் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி, பாலுக்கும் வெளிநாட்டுப் பால்மாவே பெரும் துணை. அந்தக் கோப்பையில் சொந்த மண்ணின் வாசம் இருந்தால் அது இந்த மலையிலிருந்து இறங்கியதாகத்தான் இருக்கும். மலையிலிருந்து நாட்டுக்கு வெளியே போவது காய்கறிதான். முட்டைக்கோசும் தக்காளியும் லாரியேறிச் சிங்கப்பூர் வரை போகின்றன.

சரிவில் இப்போது கூடைகள் குறைந்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கும் அறுவடை இயந்திரங்கள் பெருகிவிட்டன. இயந்திரம் பிடிப்பவர்களில் பலர் வங்கதேசத்தவர், நேபாளிகள், இந்தோனேசியர்கள். நம் பாட்டன் பாட்டி கடல்கடந்து வந்த அதே தேவைதான் அவர்களையும் இங்கே கொண்டுவந்திருக்கிறது. தோட்டத்துக் கோயில்மணி இன்னும் நம் மொழியில்தான் ஒலிக்கிறது. அது கேட்கும் தூரத்தில் வேலை செய்கிறவரின் கூலியும் குடியிருப்பும் எப்படி இருக்கின்றன என்று விசாரிக்க வேண்டிய முதல் ஆட்கள் நாம்தான். 1938-ன் கூலிக்குறைப்பை நம் வீட்டுப் பெரியவர்கள் பட்டறிந்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம்: மலையிலிருந்து இறங்கிச் செம்பனைக் காட்டுக்கு.