நிறத்தைச் சொல், எழுத்தைப் படிக்காதே!

ஒரு தாளில் நீல ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று எழுதுங்கள். பச்சைப் பேனாவால் 'மஞ்சள்', சிவப்புப் பேனாவால் 'நீலம்' என்று எழுதுங்கள். இப்போது எழுத்தைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் மளமளவென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

நாக்கு தடுமாறுகிறதா? எழுத்தைக் கண்டதும் படித்துவிடுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். அதனால் படித்த சொல் முந்திக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் இதை அளந்து 1935இல் வெளியிட்டார். 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 விநாடி ஆனது. இப்படி நிறம் மாறிய 100 சொற்களுக்கோ 110 விநாடி!

அப்படியென்றால் ஒரு சொல்லுக்கு அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே அளக்க, கடிகாரத்தை அமுக்கும் நம் கைக்கு வேகம் போதாது. அங்கேதான் கணினி உதவுகிறது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய, இதுபோன்ற சோதனைகளை உருவாக்க உதவும் மென்பொருள் 'சைக்கோபை'. பைதான் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. சொல்லைக் காட்ட ஒரு துண்டு, எந்த விசை அழுத்தப்பட்டது என்று கவனிக்க ஒரு துண்டு. இவற்றை ரயில் பெட்டிகள்போலக் கோத்தால் சோதனை தயார். அடுத்து என்ன வரும் என்று யாரும் ஊகிக்காதபடி சொற்களை அதுவே கலைத்துப் போடும்.

சாதாரணக் கணினித் திரை விநாடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒரு முறைக்கு ஏறக்குறைய 17 மில்லி விநாடி. சொல் அப்படித் திரையில் வரையப்படும் அந்தக் கணத்திலிருந்தே சைக்கோபை நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு விடையையும் கோப்பில் பதிந்துவைக்கும்.

இது இலவசம்; திறந்த மூல மென்பொருளும்கூட. அதாவது, உள்ளே எழுதியிருக்கும் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். நேரக்கணக்கில் பிழை இருந்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கண்டுபிடித்துச் சொல்லலாம். ஒருவர் செய்த சோதனைக் கோப்பை வாங்கி, இன்னொரு நாட்டுக்காரர் அப்படியே செய்துபார்க்கலாம். அங்கேயும் அதே முடிவு வந்தால் நம்பிக்கை கூடும். வராவிட்டால், ஏன் என்று தேடலாம்.

சொற்பட்டியலை மாற்றினால் புதிய சோதனை. தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் இரண்டில் எது உங்களை அதிகம் தடுமாற வைக்கும்? முதலில் ஊகத்தை எழுதிவைத்துவிட்டு, பிறகு அளந்து பாருங்கள்!