பன்னிரண்டு பேர் கூடிய வெள்ளிக்கிழமை

நம் ஊரில் சங்கம் ஆரம்பிப்பது வெகு சுலபம். நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். காபி ஆறுவதற்குள் தலைவர், உபதலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எல்லாரையும் தேர்ந்தெடுத்து, ரப்பர் ஸ்டாம்புக்கும் ஆர்டர் கொடுத்து விடுவார்கள். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருவார்கள். இரண்டாவதற்குப் பதினைந்து பேர். மூன்றாவது கூட்டத்தில் காரியதரிசியும் காலிப் பெஞ்சுகளுந்தான்!

தாங்களும் இப்படி ஒரு வாசகர் சங்கம் ஆரம்பித்து மனம் நொந்தவராக இருக்கலாம். அல்லது இனிமேல் ஆரம்பிக்க உத்தேசித்திருக்கலாம். எப்படியானாலும் சரி, ஏறக்குறைய நாற்பது வருஷம் நடந்த ஒரு சங்கத்தின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். வருஷம் 1727. நாடு அப்போது பிரிட்டிஷாரின் ஆதீனத்தில் இருந்தது. பின்னாளில் இடிதாங்கியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது இருபத்தொரு வயது அச்சுக்கூடத் தொழிலாளி. அவர் தம் சிநேகிதர்களைச் சேர்த்து 'ஜண்டோ' என்று ஒரு சங்கம் தொடங்கினார். அங்கத்தினர்கள் யார் என்கிறீர்கள்? ஒரு செருப்புத் தைப்பவர், ஒரு தச்சர், கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவர், நிலம் அளப்பவர், பத்திரம் எழுதுபவர், ஒரு வியாபாரியின் குமாஸ்தா, அச்சுக் கோப்பவர்கள். ஒருவர் மட்டுந்தான் கொஞ்சம் பணக்காரர். முதலில் ஒரு சாராயக் கடையில் கூடினார்கள். பிறகு அந்தப் பணக்கார நண்பர் வீட்டிலேயே ஓர் அறை கிடைத்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் கூட்டம். அதிகபட்சம் பன்னிரண்டு பேர்.

சங்கத்தின் விதிகள் ருசிகரமானவை. முறை வரும்போது ஒவ்வொருவரும் விவாதிப்பதற்கு ஒரு கேள்வி கொண்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். 'நான் சொல்வதுதான் சரி' என்று அடித்துப் பேசினாலும், 'நீ சொல்வது தப்பு' என்று முகத்தில் அறைந்தாற்போல் மறுத்தாலும் சிறு அபராதம் உண்டு! நம் சங்கங்களில் இந்த விதி இருந்தால் அபராதப் பணத்திலேயே கட்டடம் கட்டி விடலாம்.

கூட்டந்தோறும் கேட்பதற்கென்று இருபத்து நான்கு கேள்விகள் இருந்தன. ஊரில் யாராவது தொழிலில் நொடித்துப் போனாரா, காரணம் என்ன? புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞனுக்கு நாம் உதவ முடியுமா? சட்டத்தில் ஏதாவது குறை கண்ணில் பட்டதா? இந்த ரீதியில் போகும் கேள்விகள். படித்த புத்தகமும் பார்த்த தெருவும் ஒரே மேஜைக்கு வந்தன.

ஒரு நாள் பிராங்க்ளின் இரவுக் காவல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஊரில் ராத்திரி பாராவுக்கு வீட்டுக்காரர்கள் முறை வைத்துப் போக வேண்டும். போக முடியாதவர் வருஷத்துக்கு ஆறு ஷில்லிங் கட்டி விடலாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கான்ஸ்டபிளின் பையில் தங்கியது. அவரோ கொஞ்சம் குடி வாங்கிக் கொடுத்து உதவாக்கரைகளைப் பாராவுக்கு வைத்துக் கொண்டார். காவல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக் கொள்ளுங்கள்!

பிராங்க்ளின் மனத்தை இன்னொரு விஷயந்தான் உறுத்தியது. ஐம்பது பவுன் சொத்துக்கூட இல்லாத ஏழை விதவைக்கும் ஆறு ஷில்லிங். கிடங்கில் ஆயிரக்கணக்கான பவுன் சரக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கும் அதே ஆறு ஷில்லிங். இது என்ன நியாயம்? சொத்துக்குத் தக்கபடி வரி போட்டு, சம்பளத்துக்குக் காவலாளிகளை வைக்க வேண்டும் என்றார். சங்கம் ஒப்புக் கொண்டது. ஆனால் சட்டமாவதற்கு வருஷங்கள் ஆயின. அதுவரை பேசிப் பேசி ஜனங்களின் மனத்தைப் பக்குவப்படுத்தியதுதான் சங்கத்தின் வேலை. தீ விபத்துகளைப் பற்றி எழுதிய இன்னொரு கட்டுரையிலிருந்து 1736-இல் ஒரு தீயணைப்புச் சங்கம் பிறந்தது. அதில் முப்பது பேர் சேர்ந்து, தோல் வாளிகளுடன் தயாராக இருந்தார்கள்.

தோல்வியும் உண்டு. எல்லாரும் தத்தம் புத்தகங்களைக் கொண்டுவந்து சங்க அறையில் வைத்தால் ஆளுக்கு ஒரு நூல் நிலையம் கிடைத்த மாதிரி அல்லவா? அப்படித்தான் செய்தார்கள். பொதுச் சொத்தைக் கவனிக்க ஆளில்லாமல் புத்தகங்கள் பாழாயின. ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். பிராங்க்ளின் 1731-இல் சந்தா நூலகம் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். சேரும்போது நாற்பது ஷில்லிங், பிறகு வருஷத்துக்குப் பத்து ஷில்லிங். வீடு வீடாக அலைந்து ஐம்பது பேரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகி விட்டது. 'இது என் யோசனை' என்று சொன்னால் ஜனங்கள் முகம் சுளிப்பதைக் கண்டு, 'சில நண்பர்களின் திட்டம்' என்று சொல்ல ஆரம்பித்தார். காரியம் நடந்தது! லண்டனிலிருந்து புத்தகங்கள் வந்தன. புத்தகத்தைத் திருப்பித் தராவிட்டால் இரட்டை விலை தருவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நூலகம் பிலடெல்பியாவில் இன்றும் இருக்கிறது.

சங்கத்தில் ஒரு பெருங்குறை. விதவைக்காக வாதாடினார்கள், ஆனால் அங்கத்தினர் அத்தனை பேரும் ஆண்கள். எந்தப் பெண்ணுக்கும் அந்த அறையில் நாற்காலி போடவில்லை. நம் சங்கத்தில் அந்தக் குறை வேண்டாம். முதல் நாற்காலியையே வீட்டு அம்மாளுக்குப் போட்டு விடுங்கள். கூட்டம் முடியும்வரை காபி போடும் பொறுப்பு ஐயாவுடையதாக இருக்கட்டும்.

பிராங்க்ளினுக்குப் புத்தகம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். பெரிய வீட்டுக்கு அதிகம், சின்ன வீட்டுக்குக் குறைவு. பிராங்க்ளின் கேட்ட அதே நியாயம்! பணத்தைக் கட்டிவிட்டு நூலகப் பக்கமே எட்டிப் பாராதிருப்பதுதான் நம் அநியாயம்.

ஆகவே, ரப்பர் ஸ்டாம்பு வேண்டாம். தெருவில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ போதும். கிழமையை நிச்சயம் செய்து கொள்ளுங்கள், மழையானாலும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்று. மறு வாரம் ஊர் விஷயம் ஒன்று. கிராமமாயிருந்தால் கிராம சபையில் வாசிக்கும் வரவு செலவுக் கணக்கையே பாடமாக எடுத்துக் கொள்ளலாம். இரவல் புத்தகத்துக்கு ஒரு நோட்டு, அபராதத்துக்கு ஓர் உண்டியல். கூட்டம் கலைவதற்குமுன் ஒரே ஒரு கேள்வி: 'அடுத்த வாரத்துக்குள் இதற்காக யார் என்ன செய்யப் போகிறோம்?' பதில் சொன்னவர் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆட்கள் அதிகமாகி விட்டால்? ஜண்டோவிலும் அந்தச் சங்கடம் வந்தது. பன்னிரண்டைப் பதின்மூன்று ஆக்கவில்லை. ஒவ்வோர் அங்கத்தினரும் தனித்தனியாக ஒரு சங்கம் தொடங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஐந்தாறு சங்கங்கள் அப்படி உண்டாயின.

வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுத் திண்ணை காலியாகத்தானே இருக்கிறது?