கவிழ்த்தாலும் கொட்டாத தண்ணீர்

தம்ளரில் தண்ணீர் ஊற்றி, வாயை அட்டையால் மூடிக் கவிழ்க்கிறார் மேஜிக் கலைஞர். அட்டை அப்படியே ஒட்டி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதானே என்று நாம் நினைக்கும்போது, அட்டையையும் உருவிவிடுகிறார். தண்ணீர் அந்தரத்தில் நிற்கிறது! ஒரு பல்குச்சியைக் கீழிருந்து செருகுகிறார். அது தண்ணீருக்குள் ஏறி மேலே போய் மிதக்கிறது. ஆனாலும் தண்ணீர் கொட்டவில்லை.

தம்ளரின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைதான் ரகசியம். சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஊற்றும்போது தண்ணீர் வலை வழியாகவே உள்ளே போவதால் சந்தேகமும் எழாது.

உள்ளே போன வழியில் தண்ணீர் ஏன் வெளியே வரவில்லை? காற்று தாங்குகிறது என்பது பாதி விடைதான். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 10 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தமோ வெறும் 10 கிராம். அப்படியானால் வலை இல்லாத தம்ளரிலும் தண்ணீர் நிற்க வேண்டுமே!

நிற்காததற்குக் காரணம் சிற்றலை. அகன்ற நீர்ப்பரப்பில் எங்காவது சிறு நெளிவு உண்டாகும். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் இறங்க, உயர்ந்த இடத்தில் காற்று நுழைய, நெளிவு நொடியில் பெருத்துவிடும். இதற்கு ரேலி–டெய்லர் நிலையின்மை என்று பெயர். வலை அந்தப் பரப்பைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பரப்பு இழுவிசை தண்ணீரை இழுத்துப் பிடித்து, நெளிவை வளரவிடாமல் தடுக்கிறது. உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளிருக்கும் பானம் கொட்டாததும் இதனால்தான்.

எனவே வித்தையை வடிவமைப்பவர் கண்ணியின் அளவில் கவனம் வைக்க வேண்டும். மிகப் பெரிதானால் ஒழுகும். மிகச் சிறிதானால் பல்குச்சி நுழையாது. தம்ளரைச் சாய்த்தால் ஒருபுறம் காற்று புக, மறுபுறம் தண்ணீர் கொட்டும். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் தம்ளரை நன்றாக அலச வேண்டும்.

வலையே இல்லாமலும் நெளிவை அடக்கலாம். பாரிஸ் ஆய்வாளர்கள் பிசுபிசுப்பான திரவத்தை மேலும் கீழுமாக வேகமாக அதிரவைத்து, அதைக் காற்றுப்படலத்தின்மேல் நிறுத்தினார்கள். அதன் அடிப்பரப்பில் பொம்மைப் படகு தலைகீழாக மிதந்தது. 2020இல் ‘நேச்சர்’ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது.

நைலான் கொசுவலைத் துண்டும் ரப்பர் பேண்டும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் வித்தையை மட்டும் காட்டி நிறுத்தாமல், காரணத்தையும் சொல்லுங்கள்.