கலயமும் துடைப்பமும்: சவி சவர்க்கரின் ஓவியங்கள்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை நெடுகிலும் ஓவியங்கள் விற்பனைக்கு உண்டு. மலை, தீபம், ரமணர், சடைமுடித் துறவி. அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் சேரி மட்டும் அவற்றில் எங்கும் இல்லை. இந்த இல்லாமையைத் தன் வாழ்நாள் பொருளாக எடுத்துக்கொண்ட ஓவியர் சவி சவர்க்கர். (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், இந்துத்துவச் சவர்க்கருக்குக் கருத்தால் நேர் எதிரானவர்.)

1961இல் நாக்பூரில் பிறந்தவர். 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவியதும் அதே நகரில்தான். நாக்பூரிலும் பரோடாவிலும் பயின்று, தில்லி கலைக்கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

பேஷ்வாக்களின் ஆட்சியில் புனே நகருக்குள் நுழையும் தீண்டப்படாதவர், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமையை 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அம்பேத்கர் எடுத்துரைத்தார். சவி அந்த மனிதனை மீண்டும் மீண்டும் வரைந்தார். கரிய, கரடுமுரடான கோடுகள், சிதைந்த உடல். பார்ப்பவரிடம் இரக்கத்தை யாசிக்கும் முகமன்று அது. இரக்கம் காட்டிவிட்டு நகர்ந்துவிட இடமளிக்காததே இவ்வோவியங்களின் வலிமை என்பேன்.

அவரது தேவதாசி வரிசையும் அத்தகையதே. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இலும் கர்நாடகம் 1982இலும் சட்டத்தால் தடைசெய்தன. நமது மேடைகளில் தேவதாசி என்றால் நாட்டியமும் இசையும் பேசப்படுகின்றன; சவியின் தூரிகையோ, எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட தலித் பெண்ணின் உடலில் சாதி நடத்தும் சுரண்டலைக் காட்டுகிறது.

அவரது ஓவியங்கள் மெக்சிகோவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பொருத்தமான மண்தான். புரட்சிக்குப் பிந்தைய மெக்சிகோவில், 1923 முதல் கல்வி அமைச்சகக் கட்டடச் சுவர்களில் தியெகோ ரிவேரா உழவரையும் சுரங்கத் தொழிலாளரையும் பழங்குடிகளையும் வரைந்தார். அரசே தன் சுவரைக் கொடுத்தது.

நம் சுவர்களின் கதை வேறு. 2023 ஜனவரி 30 அன்று, இம்மாவட்டத்தின் தென்முடியனூரில், பல பத்தாண்டுத் தடையைக் கடந்து தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காவல்துறைப் பாதுகாப்புடன்தான் நுழைய முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில், நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகியோரின் சிலைகளும் படங்களும் மட்டுமே இருக்கலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் சுற்றறிக்கை வந்தது. வழக்கறிஞர்களும் இயக்கங்களும் எதிர்த்தனர். சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்த பின்னர், அம்பேத்கர் படங்கள் அகற்றப்படமாட்டா என்று அரசு அறிவித்தது.