எடை குறைஞ்ச பிறகுதான் இருக்கு விஷயமே! - பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிந்தைய வாழ்க்கை

'முன்பு - பின்பு' படங்களைப் பார்க்காத இன்ஸ்டாகிராம்வாசிகள் இருக்க முடியாது. இடது பக்கம் 120 கிலோ. வலது பக்கம், தொளதொளத்துப்போன பழைய பேன்ட்டின் இடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி சிரிக்கும் அதே முகம். கீழே மருத்துவமனையின் போன் நம்பர். அந்தப் 'பின்பு' படத்தை எப்போது எடுத்தார்கள் என்பது மட்டும் இருக்காது.

பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எடை மிகவும் குறைந்திருப்பது முதல் ஒன்றரை, இரண்டு வருடங்களுக்குள்தான். போட்டோவுக்கு ஏற்ற நேரம் அது. ஐந்தாவது வருடப் படம் விளம்பரத்தில் வருவது அபூர்வம். ஆனால், ஆபரேஷன் செய்துகொண்டவர் வாழப்போவது அந்த ஐந்தாவது வருடத்திலும், பதினைந்தாவது வருடத்திலும்தான்.

நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜேட்லி 2014-லும் செய்துகொண்டபோது செய்தித்தாள்களில் தலைப்பாக வந்த ஆபரேஷன் இது. இன்று தமிழ்நாட்டின் பெரிய நகரங்களில் சாதாரணமாக நடக்கிறது. ஆசியர்களுக்கு பி.எம்.ஐ 27.5-ஐத் தாண்டினாலே இதைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச நிபுணர் அமைப்புகள் வழிகாட்டுதலையும் மாற்றிவிட்டன. செய்துகொள்பவர்கள் கூடுவார்கள். செய்த பிறகு எப்படி வாழ்வது என்ற பேச்சுதான் இன்னும் கூடவில்லை.

வயிறு சின்னதாகிறது... மனசு?

இங்கே அதிகம் நடப்பவை இரண்டு வகை. 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ வடிவக் குழாய். 'பைபாஸ்' ஆபரேஷனில் இரைப்பையின் மேல் முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி நேராகக் கீழே இணைத்துவிடுவார்கள்.

கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோனும் குறைகிறது. அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசி என்ற ஒன்றே மறந்துபோகும். 'சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம்போல இருக்கு' என்று சொல்கிற இந்தக் காலம் நிரந்தரம் என்று நினைத்துவிடுவதுதான் முதல் சிக்கல். பசி திரும்பி வரும். இளைத்த உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த கலோரியே போதும் என்பதால், வந்த பசிக்கெல்லாம் சாப்பிட்டால் எடையும் திரும்பி வரும்.

அமெரிக்காவின் என்.பி.சி தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஆல் ரோக்கர், அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். சுமார் 154 கிலோ எடை இருந்தவர், 2002-ல் பைபாஸ் செய்துகொண்டு 45 கிலோவுக்கு மேல் இளைத்தார். பிறகு அம்மாவின் மரணத்தையொட்டிய நாட்களில் 18 கிலோ ஏறியது. அதை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். திரும்பவும் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்திக் குறைத்தார். துக்கத்தில் சாப்பாட்டைத் தேடும் மனசுக்கு டாக்டர் தையல் எதுவும் போடவில்லை, அவ்வளவுதான்.

8 கிலோ ஏறினால் தோல்வியா?

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருடங்களுக்குள் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்திருந்தார்கள். பத்து வருடங்கள் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவிகிதமாக இருந்தது.

120 கிலோ இருந்த ஒருவருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 82 கிலோ வரை இறங்கியவர், பத்தாவது வருடம் 90 கிலோவில் நிற்கிறார். 8 கிலோ ஏறியிருக்கிறது. ஆனால், பழைய எடைக்கு 30 கிலோ கீழேதான் இருக்கிறார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரண விகிதமும் குறைவாக இருந்ததை அதே ஆய்வு 2007-ல் சொன்னது.

இந்தக் கணக்கு தெரியாததால் நடப்பது என்ன? 4 கிலோ ஏறியதுமே, 'இவ்வளவு செலவு பண்ணியும் வீணாப்போச்சு' என்ற குற்ற உணர்ச்சி. டாக்டரிடம் போனால் திட்டுவார் என்ற பயம். செக்கப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. 4 கிலோ 14 ஆவது இந்த ஒளிந்துகொள்ளும் காலத்தில்தான். வாரம் ஒருநாள், ஒரே கிழமை, காலையில் எடை பார்த்து எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், 2 கிலோவிலேயே விழித்துக்கொள்ளலாம்.

இட்லி ஓகே... மிக்சர்தான் வில்லன்!

எடை திரும்ப ஏறுவதற்குப் பிரியாணியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். உண்மையில் சின்ன வயிற்றில் பிரியாணி அவ்வளவாக இறங்காது. நாலு வாய்க்கு மேல் திணறும். சத்தமில்லாமல் இறங்குவது வேறு பட்டியல். மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்க்ரீம், சர்க்கரை போட்ட காபி, ஜூஸ், பாயசம், மில்க் ஷேக். வாயில் போட்டதும் கரைந்து, வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. டி.வி பார்த்துக்கொண்டே கால் கிலோ மிக்சரை ஒரு மாலையில் காலி செய்ய, ஆபரேஷன் செய்த வயிறு தடையே சொல்லாது.

இரண்டு காபி, நாலு பிஸ்கட், ஒரு கைப்பிடி முறுக்கு, குழந்தை மிச்சம் வைத்த அரை தோசை... எதுவும் 'சாப்பாடு' கணக்கில் வராது. கலோரிக் கணக்கில் எல்லாமே வரும்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேறு விதத்திலும் தொல்லை தரும். சர்க்கரை மிகுந்த உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்கும்போது படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ளும் வரலாம், ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை அளவு இறங்கித் தலைசுற்றலாகவும் வரலாம். மேலே சொன்ன ஆல் ரோக்கரே, சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிட்டு வெள்ளை மாளிகையில் வயிறு கலங்கித் தர்மசங்கடப்பட்ட கதையை 2013-ல் டி.வி-யில் சொல்லியிருக்கிறார்!

சரி, என்னதான் சாப்பிடுவது? முதலில் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான அளவு. நம் சமையலறையில் இதை எட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம்தான். அதுவும் இப்போது இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது. தண்ணீராக ஓடும் சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது?

அதனால் தட்டில் எதை முதலில் தொடுவது என்பதை மாற்ற வேண்டியிருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் பனீரில் சுமார் 9 கிராம், வேகவைத்த கோழி அல்லது மீன் 50 கிராமில் 10 கிராமுக்கு மேல், அரை கப் சுண்டலில் சுமார் 7 கிராம். மீனையும் முட்டையையும் முதலில் முடித்து, அடுத்து காய், கடைசியில் இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சாதம். சாதத்தை மலையாகக் குவித்து, ஓரத்தில் பொரியலை வைத்துப் பழகிய நமக்கு இது தலைகீழ்ப் பாடம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கஷ்டம். மீல்மேக்கர், பனீர், கெட்டித் தயிர் எல்லாம் சேர்ந்தும் எட்டவில்லை என்றால் புரத பவுடர் தேவையா என்று டயட்டீஷியனிடம் கேட்கலாம்.

நன்றாக மென்று, 20 நிமிடத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். அண்ணாந்து மடமடவெனக் குடிக்கும் பழக்கத்துக்கு விடை கொடுக்க வேண்டியதுதான்.

'ஒரு வாய்தானே, சாப்பிடும்மா!'

கல்யாண வீட்டுப் பந்திதான் உண்மையான பரீட்சை. இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் பரிமாறுபவர் முகம் சுருங்கும். 'என்னம்மா, இப்படிக் கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, உடம்பு சரியில்லையா?' என்று சித்தி கேட்பார். அதே சித்தி மூன்று வருடம் கழித்து, 'ஆபரேஷன் பண்ணியும் திரும்பப் போட்டுட்டியே!' என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் என்னதான் செய்வது?

பலர் ஆபரேஷன் செய்துகொண்டதை வெளியில் சொல்வதில்லை. பெண்கள் குறிப்பாக. சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். ஆனால், வீட்டில் சமைப்பவருக்கும், சேர்ந்து சாப்பிடுபவர்களுக்கும் தெரிந்திருந்தால் பாதி பாரம் குறையும். பிஸ்கட் டப்பா மேல் அலமாரிக்குப் போவதும், எல்லோரும் சேர்ந்து இரவு நடைக்குக் கிளம்புவதும் ஒருவர் மட்டும் முடிவெடுத்து நடக்கிற காரியமில்லை. நடையோடு, வாரம் இரண்டு மூன்று நாள் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும். வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைந்துபோகிறது.

மூன்றாவது வருடம் மாத்திரையை நிறுத்தினால்...

மூன்றாவது மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும்போது எல்லோரும் பதறுகிறார்கள். சத்து சரியாக இருந்தால் பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். பதற வேண்டியது சத்தமே இல்லாமல் வரும் வைட்டமின் பற்றாக்குறைக்கு.

உதாரணம் பி12. இரைப்பை சுருங்கியதால் இதை உடம்பு கிரகிப்பது குறைகிறது. ஆனால், கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பாதிப்பு உடனே தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?' என்று நிறுத்துபவருக்கு, ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும். நரம்பு பாதிப்பு முற்றிவிட்டால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் பி12-ஐக் குறைக்கும்.

மல்டி வைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 எல்லாம் ஆயுளுக்கும் தொடர வேண்டியவை. அளவு ஆளுக்கு ஆள் மாறும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஆபரேஷனுக்கு லட்சங்களில் பட்ஜெட் போடும் குடும்பங்கள், இந்த மாதாந்தர மாத்திரைச் செலவையும் அப்போதே எழுதிக்கொள்வது நல்லது.

மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, கொஞ்சத்திலேயே போதை. ஆபரேஷனான இரண்டாவது வருடத்தில் குடிப்பிரச்னை கூடுவதாக 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் அடைபட்டதும் மனசு அங்கே தேடுகிறதோ என்னவோ. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், 'நமக்குத்தான் ஆகாதே' என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

நிஜமாகவே எடை ஏறிக்கொண்டே போனால், பட்டினி கிடப்பதும் யூடியூப் டயட்டும் வழியில்லை. இரைப்பைப் பை விரிந்திருக்கிறதா, தைராய்டா, மனச்சோர்வா, வேறு மாத்திரையின் விளைவா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2025-ல் அறிமுகமான மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகளும் இப்போது மருத்துவர்களின் கையில் இருக்கும் ஒரு வாய்ப்பு. அதைத் தேவை பார்த்துத் தருவது அவர்கள் வேலை. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது விபரீதம்.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வலிக்கோ முட்டி வலிக்கோ பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனால் முதலில் அதைக் காட்டுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பில் புண்ணை உண்டாக்கும். இரண்டு மூன்று நாட்களாக வாந்தி நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது என்றால் வைட்டமின் பி1 அடியோடு குறைந்திருக்கலாம். அது கிளினிக்கில் காத்திருக்கிற விஷயமில்லை. நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், 'பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவர்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.